கடலட்டை உருகுவது எதனால்? கொலாஜன் சிதைவில் இலைசோசோம் நொதியங்களின் பங்கு: ஒரு மறுவாசிப்பு

பிடித்த கடலட்டையை உரிய நேரத்தில் அவிக்காவிட்டால் அதன் உடற்சுவர் குழைந்து வழிந்துவிடும். இதற்குக் காரணம் இலைசோசோம்களிலிருந்து கசியும் கதெப்சின் நொதியங்கள் என்றும், அவை கொலாஜனை வெட்டிக் கரைக்கின்றன என்றும் ஒரு விளக்கம் உணவு விஞ்ஞான எழுத்துகளில் வேரூன்றியுள்ளது. இந்த விளக்கத்தின் முற்பாதியை இக்கட்டுரை ஏற்கிறது, பிற்பாதியை மறுக்கிறது. கதெப்சின்கள் கசிகின்றன, செயற்படவும் செய்கின்றன. ஆனால் அவை முதலில் வெட்டுவது கொலாஜனை அல்ல, கொலாஜன் நுண்ணிழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் புரோட்டியோகிளைக்கன் பாலங்களை. கொலாஜனின் முப்புரிச் சுருளை வேறு நொதியங்கள் முதலில் துண்டாட வேண்டும், அல்லது வெப்பம் அதை அவிழ்க்க வேண்டும். கொலாஜனை வெட்டுவதில் இலைசோசோமின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. அதுவும் பெரும்பாலும் கலத்துக்கு உள்ளே.

இந்த வேறுபாடு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆனையிறவுக்கு மேற்கே, யாழ் கடனீரேரியின் தென்கரையில், பூநகரிப் பக்கமாக வெள்ளை அட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. அவற்றின் உரிமை பற்றி 2021 இல் கௌதாரிமுனையில் எழுந்த சர்ச்சை நாடறிந்தது. அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அட்டை வாடியில் நடப்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது. வால்பக்கம் சிறு கீறல் போட்டுக் குடலை வெளியேற்றுகிறார்கள். கொதிநீரில் அவிக்கிறார்கள். உப்பில் கிடத்துகிறார்கள், அல்லது பழைய முறைப்படி மணலில் புதைக்கிறார்கள். தோலின் சுண்ணாம்புப் படையைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, வெயிலில் காயவைக்கிறார்கள். விற்பனைக்குப் போவது உடற்சுவர் மட்டுமே. குடல் எடுத்த அட்டை அடுப்புக்குப் போகுமுன் வாளியில் காத்திருந்தால் முதலில் மேற்பரப்பில் சளி படரும். பிறகு மேற்தோல் திட்டுத்திட்டாகக் கழரும். அழுத்தினால் விரல்பட்ட இடம் பள்ளமாகி மீளாது. இந்த வரிசை கவனிக்கத்தக்கது: மேலே கழர்வதும் உள்ளே குழைவதும் முன்னதாக வருகின்றன, நார் முற்றாகக் கரைவது மிகப் பிந்தி வருகிறது. கொலாஜனே முதல் இலக்காக இருந்தால் இந்த வரிசைக்கு விளக்கம் சொல்வது கடினம்.

கரைந்தது எது?

கதெப்சின் தரப்பின் முதன்மைச் சான்று ஐதரொட்சிபுரோலின். இந்த அமினோ அமிலம் விலங்குப் புரதங்களில் பெரும்பாலும் கொலாஜனுக்கே உரியது. ஜப்பானிய அட்டை எனப்படும் அப்போஸ்டிகோபஸ் ஜப்போனிக்கஸ் இனத்தில் உடற்சுவர்ப் புரதத்தின் ஏறத்தாழ 70 வீதம் கொலாஜன் என்று கணிக்கப்பட்டுள்ளது. அந்த இழையத்தைக் கதெப்சினோடு வைத்தால் கரைசற் பகுதியில் ஐதரொட்சிபுரோலின் கூடுகிறது. ஆகவே கொலாஜன் வெட்டுண்டது என்பது வாதம்.

இந்த 'ஆகவே' தாங்காது. கரைசலில் ஐதரொட்சிபுரோலின் இருப்பது கொலாஜன் கரைசலுக்கு வந்துவிட்டதைக் காட்டும். முப்புரி அறுந்ததா இல்லையா என்பதைக் காட்டாது. இதற்கான மறுப்பு கொலாஜன் ஆய்வாளர் அன்றாடம் செய்யும் வேலையிலேயே இருக்கிறது. கடலட்டைக் கொலாஜனைப் பிரித்தெடுப்போர் பெரும்பாலும் பெப்சினைப் பயன்படுத்துகிறார்கள். பெப்சின் அமில ஊடகத்தில், குளிரில், கொலாஜன் மூலக்கூறின் இரு முனைகளிலும் சுருளாத முனைத்துண்டுகளை மட்டும் கொய்துவிடுகிறது. குறுக்குப் பிணைப்புகள் அந்த முனைகளில் இருப்பதால் மூலக்கூறு விடுபட்டுக் கரைகிறது. ஆனால் 300 நனோமீற்றர் நீளமான முப்புரி முழுதாக நிற்கிறது. இப்படி எடுத்த கொலாஜனைச் 'சிதையாத கொலாஜன்' என்றே ஆய்வேடுகள் எழுதுகின்றன. ஓர் அமில நொதியம் கரைத்ததைச் சிதையாதது என்றும், இன்னோர் அமில நொதியம் கரைத்ததைச் சிதைந்தது என்றும் ஒரே அளவீட்டை வைத்துச் சொல்ல முடியாது. கதெப்சின் பி, கதெப்சின் எல் ஆகியனவும் முனைத்துண்டுகளை வெட்டக்கூடியன என்பது நெடுங்காலமாகவே தெரிந்த செய்தி. எனவே ஐதரொட்சிபுரோலின் சான்று இரு விளக்கங்களுக்கும் சமமாகவே பொருந்துகிறது. அதனால் எதையும் தீர்க்க முடியாது.

பிரிகரைசல்: ஒரு சான்றின் இரு வாசிப்புகள்

தீர்க்கக்கூடிய சான்று வேறோரிடத்தில் இருக்கிறது. 1970 களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் மட்சுமுரா, கடலட்டை உடற்சுவரை எந்த நொதியமும் சேர்க்காமலே நுண்ணிழைகளாகப் பிரித்துக் காட்டினார். அவரது பிரிகரைசல் இன்று பெரும்பாலான ஆய்வுகூடங்களில் வழங்கும் வடிவில் 0.5 மோலர் சோடியம் குளோரைட்டு, 0.05 மோலர் ஈ.டி.ரி.ஏ., 0.2 மோலர் மெர்க்கப்ரோ எதனோல் ஆகியவற்றைப் பீ.எச். 8.0 இல் கொண்டது. நறுக்கிய உடற்சுவரைக் குளிரில் இதனுள் அசைத்துக்கொண்டிருந்தால் இழையம் கலைந்து பால்போன்ற தொங்கலாகிறது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அந்தத் தொங்கலில் மிதப்பவை கொலாஜன் நுண்ணிழைகள். அவற்றின் குறுக்கு வரிகள் குலையாமல் தெரிகின்றன.

இச்சோதனையை நான் படிக்கும் விதம் நேரானது. ஈ.டி.ரி.ஏ. கல்சியம், நாகம் முதலிய அயன்களைக் கவர்ந்துகொள்கிறது. மெர்க்கப்ரோ எதனோல் இருசல்பைட்டுப் பாலங்களை உடைக்கிறது. இரண்டும் நுண்ணிழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. நார் குலைகிறது; நுண்ணிழை நிற்கிறது. ஒரு கொலாஜன் சங்கிலிகூட அறாமல் உடற்சுவர் முழுவதும் குழம்பாக முடியும் என்பது இதனால் நிறுவப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் 'உருகுதல்' கொலாஜன் வெட்டுக்கான அடையாளமே அல்ல. கட்டுக்கயிறு இற்றால் கிடுகு வேலி சரியும். கிடுகு இற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை.

இந்த வாசிப்புக்கு எதிராக ஒரு வலுவான மறுப்பை எழுப்பலாம். இங்கே பேசப்படும் கதெப்சின்கள் சிஸ்டீன் நொதியங்கள். அவற்றின் வினைமையத்திலுள்ள கந்தகக் கூட்டம் ஒட்சியேற்றப்படாமல் இருந்தால்தான் அவை வேலை செய்யும். ஆகையால் ஆய்வுகூடத்தில் கதெப்சினை உயிர்ப்பிக்கத் தாழ்த்தும் சேர்வை ஒன்றையும் ஈ.டி.ரி.ஏ. வையும் சேர்ப்பது வழக்கம். மட்சுமுராவின் கரைசலில் இருப்பவையும் இவ்விரண்டுமே. அப்படியாயின் அவர் 'நொதியமின்றி' இழையத்தைப் பிரிக்கவில்லை. இழையத்துக்குள் ஏற்கனவே இருந்த கதெப்சின்களைத் தம்மை அறியாமலே உயிர்ப்பித்துவிட்டார் என்று சொல்லலாம் அல்லவா?

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே நிதானமாக நோக்குவோம். முதலாவதாக, கரைசலின் பீ.எச். 8.0. கதெப்சின் எல் அமில ஊடகத்துக்கு ஏற்றது. நடுநிலையிலும் காரத்திலும் அதன் மடிப்பு விரைவில் குலைந்து செயலற்றுப் போகிறது. கதெப்சின் பி சற்றுத் தாக்குப்பிடித்தாலும் அதுவும் அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. இரண்டாவதாக, வேலை குளிரில் நடக்கிறது. நொதிய வேகம் அங்கே மிகக் குறைவு. இவ்விரண்டு காரணங்களால் கதெப்சின் வாசிப்பு பலவீனப்படுகிறது, ஆனால் முற்றாக விழவில்லை. மிகச் சிறிய எச்சச் செயற்பாடும் நீண்ட நேரத்தில் பெரிய விளைவைத் தரலாம் என்று ஒருவர் வாதாடலாம்.

மூன்றாவது காரணமே தீர்மானமானது. கதெப்சின் அக்கரைசலில் செயற்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கிடைத்த விளைவு என்ன? வரிகள் குலையாத நுண்ணிழைகள். அவற்றிலிருந்து பெப்சினால் எடுத்த கொலாஜனை ஜெல் மின்னகர்வுக்கு உட்படுத்தினால் முழு நீள ஆல்பாச் சங்கிலிகள் தெரிகின்றன. ஆக, கதெப்சின் செயற்படவில்லை என்றால் உருகுதலுக்கு அது தேவையில்லை. செயற்பட்டது என்றால் அது முப்புரியைத் தொடாமல் பிணைப்பை மட்டும் அறுத்தது. இரு வழியிலும் முடிவு ஒன்றே. எதிர்த்தரப்புக்கு மிக வாய்ப்பான வாசிப்பை ஏற்றாலும் அவர்களது கூற்றின் பிற்பாதி நிற்கவில்லை.

இதனோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஈ.டி.ரி.ஏ. உலோகப் புரதப்பகுப்பு நொதியங்களை முடக்குகிறது. அவற்றின் வினைமையத்துக்கு நாகமும் மடிப்புக்குக் கல்சியமும் வேண்டும். முப்புரியை வெட்ட வல்லவை என்று நாம் உறுதியாக அறிந்த நொதியங்கள் முடங்கிய ஒரே இடத்தில்தான் நுண்ணிழை முழுதாக நிற்கிறது. இது தற்செயல் என்று நான் கருதவில்லை.

உயிருள்ள அட்டையும் இதே திசையைக் காட்டுகிறது. தொந்தரவு செய்யும்போது கடலட்டை தன் உடற்சுவரைச் சில நிமிடங்களுக்குள் விறைக்கவும் இளக்கவும் செய்கிறது. ட்ரொட்டர், கூப் முதலியோர் குக்குமேரியா இனத்தில் செய்த ஆய்வுகள், இந்த மாற்றத்தில் கொலாஜன் நுண்ணிழைகள் அப்படியே இருக்க, அவற்றுக்கு இடையிலான பிணைப்பே கூடிக் குறைகிறது என்று காட்டின. டென்சிலின் என்ற புரதம் நுண்ணிழைகளைக் கூட்டிப் பிடிக்கிறது. இயற்கை இந்த இழையத்தில் நெகிழ்ச்சியை வைத்திருக்கும் இடம் நுண்ணிழைகளின் இடைவெளி. இறப்புக்குப் பின் முதலில் குலைவதும் அங்கேதான் என்று எதிர்பார்ப்பதே முறை.

படமும் நிரோதியும்

எதிர்த்தரப்பு முன்வைக்கும் வேறு இரு சான்றுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கதெப்சினோடு வைத்த கொலாஜன் நாரின் நுணுக்குக்காட்டிப் படங்களில் தடித்த நார் மெல்லிய நுண்ணிழைகளாகப் பிரிந்து தெரிகிறது. கூடவே கிளைக்கோசமினோகிளைக்கன் கரைசலுக்கு வருகிறது. இதைக் கொலாஜன் சிதைவின் படம் என்று தலைப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நார் நுண்ணிழைகளாகப் பிரிவதும் கிளைக்கோசமினோகிளைக்கன் விடுபடுவதும் புரோட்டியோகிளைக்கன் பாலம் அறுந்ததற்கான அடையாளங்கள். இத்தகைய படங்களை அண்மைக் காலத்தில் வெளியிட்டோருள் கவனமானவர்கள் தாமே இதை ஒப்புக்கொள்கிறார்கள். பழைய விளக்கத்தை மேற்கோள் வழியே கடத்திச் செல்வோரிடம்தான் அந்தக் கவனம் காணப்படவில்லை.

ஈ-64 என்ற நிரோதி சேர்த்தால் உருகுதல் குறைகிறது என்பது அடுத்த சான்று. இதை நான் மறுக்கவில்லை. பாலத்தை அறுக்கும் நொதியத்தை நிறுத்தினால் நார் குலைவது குறையத்தானே வேண்டும்? அத்துடன் ஈ-64 கதெப்சின் எல் ஒன்றையே குறிவைப்பதல்ல. பப்பெய்ன் குடும்பத்தைச் சேர்ந்த சிஸ்டீன் நொதியங்களைப் பரவலாக முடக்குவது. எந்த நொதியம் எதை வெட்டுகிறது என்ற கேள்விக்கு அது விடை தராது.

கதெப்சின் கே: விதியும் அதன் எல்லையும்

இலைசோசோம் நொதியம் எதுவுமே முப்புரியை வெட்டாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கதெப்சின் கே எழுந்து நிற்கும். எலும்பைக் கரைக்கும் ஒஸ்டியோகிளாஸ்டுக் கலங்களில் உள்ள இந்நொதியம் முப்புரியைப் பல இடங்களில் வெட்டவல்லது. அதன் மரபணு பழுதானால் எலும்பு தடித்தும் எளிதில் முறிந்தும் போகும் பிக்னோடிசொஸ்டோசிஸ் நோய் வருகிறது என்பது 1996 இல் நிறுவப்பட்டது. கதெப்சின் கே இதைச் செய்யும் என்றால் அட்டையின் கதெப்சின்களும் ஏன் செய்யக்கூடாது என்பது பலரின் மறைமுக ஊகம்.

அந்த ஊகம் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறது. அட்டை உடற்சுவரிலிருந்து தூய்மையாக்கிப் பரிசோதிக்கப்பட்டவை பெரும்பாலும் எல், பி வகையைச் சேர்ந்தவை. கே யின் திறமையை அவற்றுக்கு இரவல் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியமானது உப்பு. கதெப்சின் கே தனித்து முப்புரியை வெட்டுவதில்லை. கொண்ட்ரோயிற்றின் சல்பேற்றோடு கூட்டுச் சேர்ந்துதான் அந்த வல்லமையைப் பெறுகிறது என்பது 2000 களின் தொடக்கத்தில் தெளிவானது. அக்கூட்டு மின்னேற்றக் கவர்ச்சியால் நிற்பது. அயன் செறிவு கூடினால் அது குலைந்துவிடும். கடல்நீரிலோ ஏறத்தாழ அரை மோலர் சோடியம் குளோரைட்டு இருக்கிறது. அட்டையின் உடற்பாய்மமும் சுற்றியுள்ள நீரின் செறிவையே ஒத்திருக்கும். கோடையில் ஆவியாதல் மிகுந்து உப்புத்தன்மை ஏறும் யாழ் கடனீரேரியில் நிலைமை இன்னும் கடினம். அட்டையின் உடற்சுவரில் பியூக்கோசு இணைந்த கொண்ட்ரோயிற்றின் சல்பேற்று நிறைய உண்டு என்பது உண்மை. ஆனால் அது இருக்கும் உப்புச் சூழலில் அத்தகைய கூட்டு உருவாகிச் செயற்படும் என்று நம்ப இடமில்லை.

இலைசோசோமுக்குள் கடல்நீர் இல்லையே என்று கேட்கலாம். அதுவே என் கருத்து. இலைசோசோமுக்குள் பீ.எச். 4.5 முதல் 5 வரை. அயன் சூழலும் வேறு. நுண்ணிழைத் துண்டு ஒன்று கலத்தால் விழுங்கப்பட்டு அங்கே சேர்ந்தால் கதெப்சின்கள் அதை அமினோ அமிலம்வரை உடைத்துவிடும். முலையூட்டிகளின் நார்க்கலங்கள் கொலாஜனை விழுங்கிச் செரிப்பது நன்கு ஆவணப்படுத்தப்பட்ட செயல். ஆனால் விழுங்கப்படும் அளவுக்குக் கொலாஜனை வெளியே யாரோ முதலில் நறுக்க வேண்டும். 1962 இல் குரொஸ், லாப்பியர் இருவரும் தவளைக் குஞ்சின் வாலில் கண்டறிந்த கொலாஜனேசு அந்த வேலையை நடுநிலைப் பீ.எச். இல், மூலக்கூறு நீளத்தின் நான்கில் மூன்று பங்கில் ஒரே வெட்டாகச் செய்கிறது. வாலின் கொலாஜன் மறைவதற்கு இலைசோசோம் போதாது என்பதை அந்தக் கண்டுபிடிப்பே உணர்த்தியது. அட்டையை ஆராய்ந்தோர் அந்தப் பாடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டனர்.

சில மறுப்புகள்

முட்டையிட ஆறேறும் சால்மன் மீனின் தசை கதெப்சின் எல் நொதியத்தால் இளகுகிறது என்ற ஆய்வு இங்கே அடிக்கடி துணைக்கு அழைக்கப்படுகிறது. அங்கே சிதைவது பெரும்பாலும் தசைநார்ப் புரதம். கடலட்டை உடற்சுவரோ தசையல்ல. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பற்றீரியாக்களே காரணம் என்போரும் உளர். நாட்பட்ட அழுகலில் அவற்றின் பங்கை நான் குறைக்கவில்லை. ஆனால் புறஊதாக் கதிர் படச் செய்தாலே அட்டை சில மணி நேரத்தில் தன்னை உருக்கத் தொடங்குகிறது. மேற்பரப்புப் பற்றீரியாவைக் கொல்லும் கதிர் அவற்றின் வேலையை விரைவுபடுத்தும் என்று கொள்ள முடியாது.

வெப்பம் பற்றிய மறுப்பே கனமானது. நண்பகல் வெயிலில் வாளி நீர் சுட்டால் முப்புரியின் சில பகுதிகள் தாமே அவிழக்கூடும். அவிழ்ந்த கொலாஜன் ஜெலட்டின். ஜெலட்டினைப் பல புரதப்பகுப்பு நொதியங்கள் வெட்டும், கதெப்சினும் வெட்டும். இதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் சுருளைத் திறந்தது வெயில். இலைசோசோம் திறந்த வாசலால் நுழைந்தது. நுண்ணிழையாக அடுக்கப்பட்ட கொலாஜன், தனி மூலக்கூறைவிட மிகக் கூடிய வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் சேர்த்து நோக்கினால், பாலம் அறுந்து அடுக்கு குலைந்த இழையமே வெயிலுக்கு எளிதில் இரையாகும்.

வாடிக்கும் ஆய்வுகூடத்துக்கும்

என் வாசிப்பு சரியானால் சில விளைவுகளை முன்கூட்டியே சொல்ல முடியும். ஈ-64 சேர்த்த உடற்சுவரில் கிளைக்கோசமினோகிளைக்கன் விடுபடுவது பெரிதும் நிற்கும். ஆனால் குறுகிய ஆல்பாச் சங்கிலிகள் தோன்றுவது நிற்காது. நாகத்தைக் கவரும் நிரோதி சேர்த்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். கதெப்சினே கொலாஜனை வெட்டுகிறது என்றால் ஈ-64 இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும். இரண்டு தரப்புக்கும் இடையில் தீர்ப்புச் சொல்ல இந்த ஒரு சோதனை போதும்.

நடைமுறையிலும் வேறுபாடு உண்டு. பிணைப்பே முதலில் குலைவது என்றால், குடல் எடுத்த அட்டையைக் கிணற்று நன்னீரில் ஊறவைப்பது கெடுதல். கடனீரேரி நீரிலோ கல்சியம் மிகுந்த உப்புநீரிலோ குளிராக வைப்பது நல்லது. மாரியில் கனகராயன் ஆற்று வெள்ளம் சுண்டிக்குளம்–ஆனையிறவுப் பக்கம் இறங்கி நீர் நன்னீராகும் பருவத்தில் பிடித்த அட்டையும், கோடையில் பிடித்த அட்டையும் ஒரே வேகத்தில் குழைய மாட்டா. வெயிலில் விளையும் உப்பில் கல்சியமும் மக்னீசியமும் கலந்திருப்பதைக் குறையென்று தள்ளாமல், அட்டை பதனிடலுக்கு அது உதவுமா என்று அளந்து பார்க்க வேண்டும். போரால் 1990 இலிருந்து நெடுங்காலம் முடங்கிக் கிடந்து மீண்டும் உப்பு விளைவிக்கும் ஆனையிறவு உப்பளத்துக்கும் இதில் பயன் உண்டு.

ஒரு வரம்பைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். மேலே எடுத்தாண்ட சான்றுகளில் பெரும்பாலானவை குளிர்கடல் இனங்களில் கிடைத்தவை. நம் வெள்ளை அட்டை சூடான நீரில் வாழ்வது; அதன் உடற்சுவர் சுண்ணாம்பு முட்கள் நிறைந்தது, தடித்தது. அதன் கொலாஜன் இதே ஒழுங்கில் குலைகிறது என்று நான் எதிர்பார்க்கிறேன்; ஆனால் எதிர்பார்ப்பு சான்றாகாது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1988 இல் இதே இனத்தின் குஞ்சுகளை முதன்முறையாக உற்பத்தி செய்ததிலிருந்து வளர்ப்புப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அதன் உடற்சுவர் நொதியங்களுக்கும் அதே அளவு கவனம் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் இருக்கின்றன. அங்கிருந்து அட்டைப் பண்ணைக்கும் உப்பளத்துக்கும் ஒரு காலையிலே போய்த் திரும்பலாம். மேலே சொன்ன சோதனைக்கு வேண்டியவை இரண்டு நிரோதிகள், ஒரு ஜெல், நிறமானி ஒன்று, அன்று பிடித்த வெள்ளை அட்டை. அங்குள்ள இளம் ஆய்வாளர்கள் அதைச் செய்து, என் முடிவை உறுதிப்படுத்தினாலும் உடைத்தாலும், பெறுபேற்றைத் தமிழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.